மிளகாய் நெடியும் நான் ஒட்டிய நாலு விநாடியும்

"தம்பி, உப்பு எங்க இருக்குன்னு அங்கிட்டுக் கேளுங்க."

கேட்டது பாக்கியம். கேட்கச் சொன்னது எங்கள் கேமராமேன் துரைப்பாண்டியிடம். 'அங்கிட்டு' என்பது இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராசாத்தி. பாக்கியத்தின் சொந்த நாத்தனார். புருஷனின் ஒரே தங்கச்சி.

துரைப்பாண்டி கேமராவைத் தோளில் வைத்தபடியே திரும்பினார். "உப்பு எங்கன்னு கேக்குறாக."

"அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்குன்னு அங்கிட்டுச் சொல்லுங்க."

மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது தட்டாம்."

பாக்கியம் உப்பை எடுத்தார், போட்டார், கிளறினார். பிறகு இருபது நிமிடம் அந்தச் சமையலறையில் குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

பக்கத்து அறையில் மானிட்டர் முன்னால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். சேவுகம்பட்டிக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு வீட்டை வாடகைக்குப் பிடித்து, மூலைக்கு மூலை கேமரா மாட்டி நான் எடுத்துக்கொண்டிருந்தது ரியாலிட்டி ஷோ. பெயர் 'ஒரே அடுப்பு'. ஒரு குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேர், ஒரு சமையலறை, ஐந்து நாள். சண்டை வரும், சத்தம் வரும், ஜனங்கள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள் என்பது கணக்கு.

போன் அடித்தது. சென்னையில் சானலில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான நிகில். என் மகன் வயது. தோப்பில் ஓடுகிற கேமராவை அங்கிருந்தே பார்க்க வசதி செய்து கொடுத்திருந்தேன். அது நான் செய்த முதல் தப்பு.

"மேடம், ஆடியோ வரலை. மைக் ஃபால்ட்டா?"

"மைக் நல்லாத்தான்ப்பா இருக்கு. அவங்கதான் பேசலை."

"பேசலைன்னா? பேசச் சொல்லுங்க மேடம்!"

சொல்லிப் பார்க்காமலா இருப்பேன்? காலையிலிருந்து நாலு தடவை சொல்லியாகிவிட்டது. "பேசிட்டுத்தான இருக்கோம்" என்று இரண்டு பேரும் தனித்தனியாகத் துரைப்பாண்டியிடம் சொன்னார்கள்.

பன்னிரண்டு முதல் பரிசு

இந்தத் தொழிலுக்கு நான் வந்த லட்சணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னாளப்பட்டியில் கல்யாண வீடியோ எடுக்கிற கடையாகத்தான் ஆரம்பித்தேன். பொம்பளை எடுத்தால் பெண்ணின் அறைக்குள்ளும் கேமரா போகலாம் என்பதால் நல்ல கூட்டம். அப்புறம் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக்கடை மாடியைப் பிடித்து லோக்கல் கேபிள் சானல். வரி விளம்பரம், காணாமல் போன மாடு, அம்மன் கோயில் திருவிழா நேரலை. 'மீடியா அக்கா' என்று பெயரே வந்துவிட்டது.

என் முதல் ரியாலிட்டி ஷோ ஒட்டன்சத்திரத்தில் நடந்த பாட்டுப் போட்டி. பன்னிரண்டு பிள்ளைகள். நடுவர்கள் மூன்று பேரும் காய்கறி மார்க்கெட் பெரிய மனிதர்கள். யாரையாவது வெளியேற்றினால்தானே அடுத்த சுற்று? முதல் வாரம் நடுவர் மைக்கைப் பிடித்தார். "ஏனுங்க, இந்தப் புள்ள நல்லாத்தானுங்க பாடுச்சு. அவங்கப்பா எனக்கு வேண்டியவருங்க. எப்படிங்க போகச் சொல்றது?"

இரண்டாவது வாரமும் அதே கதை. மூன்றாவது வாரமும் அதே. இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் முதல் பரிசு கொடுத்தோம். கேரளா போகிற லோடை நிறுத்திவிட்டு லாரி டிரைவர்கள்கூட வந்து கைதட்டினார்கள். நிகழ்ச்சி என்று பார்த்தால் சுத்த மண்.

அதற்கு அடுத்தது நிலக்கோட்டையில் ஒரு கோலப்போட்டி. மேடையெல்லாம் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு ஜோடித்திருந்தோம். நான் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் மேடை மொட்டை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லார் தலையிலும் ஆளுக்கு இரண்டு முழம். ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு முழம் எடுத்து வச்சுருக்கோம்க்கா" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

எங்கள் சீமை ஜனங்களை வைத்துச் சண்டைக் காட்சி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. சென்னைச் சானலில் முதன்முதலாக இடம் கிடைத்த மிதப்பு.

நான் செய்த காரியம்

பாக்கியமும் ராசாத்தியும் முதல் நாள் தோப்பு வீட்டுக்குள் வந்தபோது கை கோத்துக்கொண்டு வந்தார்கள். "மதினி, நீங்க உக்காருங்க, நான் அரைக்கிறேன்" என்று ராசாத்தி. "நீ விடு ஆத்தா, கை எரியும்" என்று பாக்கியம். ஒரு நாள் முழுக்க இதே பாட்டு.

"மேடம், இது பக்திப் படம் மாதிரி இருக்கு" என்றான் நிகில். "புரொமோவுல ஏதாவது பத்திக்கணும். இல்லேன்னா ஷோவை மத்தியானத்துக்குத் தள்ளிருவாங்க."

மத்தியானம் என்றால் எங்கள் தொழிலில் பாதி சாவு. நான் எடிட்டிங்கில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ராசாத்தி பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள்: "என்ன இருந்தாலும் எங்கம்மா வச்ச புளிக்குழம்பு மாதிரி வராது." அதற்குப் பாக்கியம், "ஆமாத்தா, அத்தை கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று மனசாரச் சொன்னார். அந்தப் பதிலை எடுத்துக் கடாசினேன்.

மறுநாள் காலையில் ராசாத்தி வாணலியில் வரமிளகாய் வறுத்தாள். நெடி பாக்கியத்தின் மூக்கில் ஏறி, அவர் கண்ணைச் சுருக்கி, வாயைக் கோணி, முகத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினார். நாலு விநாடி. அதை எடுத்து ராசாத்தியின் பேச்சுக்கு அடுத்து ஒட்டினேன். பின்னால் ஒரு இடிச் சத்தமும் போட்டேன்.

பார்த்தால் எனக்கே திக்கென்றது. இறந்துபோன மாமியாரின் பேச்சை எடுத்ததும் மருமகள் அப்படி மூஞ்சியைக் கோணுகிறாள்! என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலை நான் ஒட்டியது சானலில் புரொமோவாக ஓடியது. உள்ளே இருப்பவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன், செய்தி போகாது என்ற தைரியம். தோப்புக்கு இருப்பது மூன்று கம்பி வேலி என்பதை மறந்துவிட்டேன். பத்து மணிக்குள் பாதிச் சேவுகம்பட்டி வேலியோரம் நின்றது.

"ஏத்தா ராசாத்தி, செத்தவுகள இப்படியா இளக்காரம் பண்ணுவா உம் மதினி?"

"பாக்கியம், உங் குழம்பக் குறை சொல்லிப்புட்டாளே உங்க வீட்டுப் பிள்ள. டிவில ஊரே பாத்துச்சு!"

இனிமேல் வெடிக்கும் என்று கூடுதலாக ஒரு கேமராவைத் தயார் பண்ணினேன். இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். அவரவர் வேலையைப் பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் 'உப்பு எங்கன்னு அங்கிட்டுக் கேளுங்க'.

பேச்சுவார்த்தை இல்லை

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் 'எனக்கும் அவுகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை' என்றால் பகை என்று அர்த்தமில்லை. அது ஒரு உறவுமுறை. அதற்குச் சட்டதிட்டம் உண்டு. விசேஷத்தில் ஒரே பந்தியில் உட்காரலாம், எதிர் வரிசையில். சோற்றுக்கு வெஞ்சனம் கொடுத்தனுப்பலாம், வேறு ஆள் கையில். உடம்புக்கு முடியவில்லை என்றால் கண்டிப்பாகப் போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் நலம் விசாரிப்பது சுவரிடம்.

துரைப்பாண்டிக்கும் அவர் அண்ணனுக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள். அதனால்தான் அந்தத் தூது வேலை அவருக்கு அவ்வளவு லாவகமாக வந்தது. நானும் என் சின்னக்காவும் நாலு வருஷம் பேசாமல் இருந்தோம். எதற்காக என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

ஆகவே என் கணக்கு தலைகீழாயிற்று. சண்டை மூட்டினால் சத்தம் வரும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் சண்டை வந்தால் சத்தம் நின்றுவிடும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? சென்னை ஆபீஸில் குளிர் அறையில் உட்கார்ந்து பேசினால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

அதைவிடக் கூத்து, நிகழ்ச்சி பிய்த்துக்கொண்டு ஓடியது! "அந்தம்மா தண்ணிச் சொம்ப நகத்தி வச்சாக பாருங்க, அதுல இருக்கு அம்புட்டும்" என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பாக்கியம் அடுப்பைப் பார்த்து, "ஏ அடுப்பே, யாரோ வெங்காயத்தப் போட்டுட்டுப் போயிட்டாக, கருகுது" என்று சொன்ன காட்சி எல்லாருடைய போனிலும் சுற்றியது. நிகில் குதித்தான். "மேடம், சீசன் டூ! இதே ஜோடி! பேசவே கூடாது!"

சின்னச்சாமி வந்தார்

மூன்று மாதம் போயிருக்கும். பூட்டுக்கடை மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். பாக்கியத்தின் வீட்டுக்காரர் சின்னச்சாமி. தக்காளி, தென்னை விவசாயம். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"யம்மா, நான் சண்டைக்கு வரல. ஆவணியில மகனுக்குக் கல்யாணம். பந்தக்கால் ஊனணும். எங்க வீட்டு வழக்கத்துல, குழியில பால் ஊத்துறது வீட்டுல பொறந்த பொம்பளப் பிள்ளதான். எந் தங்கச்சி வராம நான் ஊன மாட்டேன். எம் பொஞ்சாதி போய்க் கூப்பிட்டாத்தான் தங்கச்சி வரும். இவ போக மாட்டேங்குறா. மூணு மாசமா ஒருத்திக்கொருத்தி மூஞ்சி பாக்கல. டிவில சும்மாச்சுக்கும்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தும் அதே கதை."

"அண்ணே, அது எடிட்டிங்" என்றேன்.

"எடிட்டிங்னா?"

"முன்னாடி நடந்ததையும் பின்னாடி நடந்ததையும் சேத்து..."

"அப்பப் பொய்யி."

"பொய் இல்லண்ணே, எடிட்டிங்."

"சரிம்மா. அந்த எடிட்டிங்க எந் தங்கச்சிக்கிட்ட வந்து சொல்லுங்க" என்றவர் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரைப் பார்த்து எனக்கு வந்த முதல் நினைப்பு, 'அடடா, கேமரா இல்லையே' என்பது. தூ என்று என்னையே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராசாத்தி வீட்டுக்குப் போனேன். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். வெட்டாத பதிவை முழுசாகப் போட்டுக் காட்டினேன். மிளகாய் நெடி, பாக்கியம் தும்முவது, துரைப்பாண்டி இருமியதில் கேமரா ஆடுவது எல்லாம் ஓடியது. ராசாத்தி மொட்டுப் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள். முடிந்ததும் நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இதக் காட்டவா இம்புட்டுத் தூரம் வந்தீக? மொளகா வறுத்தது நானு. மதினி தும்முனதுக்கு 'நூறு வயசு'ன்னு சொன்னது நானு. எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா! பின்ன ஏம்மா பேசல?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ஊரு பாத்துருச்சே. எங்கம்மாவ எளக்காரம் பண்ணுனவகிட்ட மறுநாளே போய்ப் பல்லக் காட்டுனா, பெத்தவ மேல பாசமில்லாதவன்னுதான சொல்லுவாக? மதினிக்கும் அதேதான். குழம்பக் குறை சொன்னவள வலிய வந்து கூப்பிட்டா, அவகளுக்கு ரோசமில்லன்னு ஊரு பேசும்." மொட்டுக் கூடையைத் தள்ளி வைத்தாள். "எந் தலையில மொத மொத எண்ண வச்சுப் பின்னி விட்டதே எம் மதினிதான். மூணு மாசமா எனக்குச் சோறு எறங்கல. ஊரு பாக்கச் சொன்ன பொய்ய, ஊரு பாக்கவே நீங்க இல்லன்னு சொல்லணும். அப்புறம் அவக கூப்பிடட்டும், நான் வாரேன்."

ஏழாவது டேக்

சானலிலேயே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நிகிலிடம் கேட்டேன். "மேடம், 'நான் வெட்டி ஒட்டினேன்'னு தயாரிப்பாளரே சொன்னா ஷோவை எவன் நம்புவான்? சான்ஸே இல்ல."

நம்மிடம்தான் சொந்தமாக ஒரு லோக்கல் சானல் இருக்கிறதே. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வரை வீட்டுக்கு வீடு வருகிறது. அதிலேயே சொல்வது என்று முடிவு பண்ணினேன். இத்தனை வருஷத்தில் நான் கேமராவுக்கு முன்னால் நின்றதே கிடையாது. எத்தனை பேரிடம் 'சும்மா இயல்பா இருங்க, கேமராவே இல்லன்னு நெனச்சுக்குங்க' என்று சொல்லியிருப்பேன்! அன்றைக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அக்கா, இயல்பா இருங்க" என்றார் துரைப்பாண்டி. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு.

ஏழாவது டேக்கில் சொல்லி முடித்தேன். அது மிளகாய் நெடி. அந்தம்மா மாமியாரை மதித்துச் சொன்ன பதிலை எடுத்துக் கடாசியது நான். தப்பு என்னுடையது. இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உள்ளூர்ச் செய்தி முடிந்ததும் போட்டோம், வெட்டாத பதிவோடு சேர்த்து.

போன் ஓயவில்லை. "அப்ப இத்தன நாளு நீங்க போட்டதெல்லாம் பொய்யாக்கா?" என்று மார்க்கெட்டில் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். நிகில் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டான். "மேடம், மேல செம கடுப்புல இருக்காங்க. ஒரே வழி. அவங்க ரெண்டு பேரும் சேர்ற சீன் எடுத்துக் குடுங்க. குடுத்தா சீசன் டூ. இல்லேன்னா க்ளோஸ்."

பந்தக்கால்

சின்னச்சாமி வெற்றிலை பாக்கோடு வந்து என்னை அழைத்தார். நான் துரைப்பாண்டியோடும் இரண்டு கேமராவோடும் போனேன். கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பதில் என்ன தப்பு, நான் ஆரம்பித்த தொழிலே அதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குழி வெட்டி, மூங்கிலுக்கு மஞ்சள் தடவி, மாவிலை கட்டித் தயாராக இருந்தது. பாக்கியம் முந்தின நாள் ஆள்விட்டுச் சொல்லியிருந்தாராம். நேரில் போகவில்லை. வருவாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியாது. சின்னச்சாமி தெரு முக்கைப் பார்த்தபடியே நின்றார்.

பூ வேன் ஒன்று வந்து நின்றது. ராசாத்தி இறங்கினாள், கையில் பால் செம்பு. வாசலில் வந்து நின்றாள். உள்ளே பாக்கியம். நடுவில் குழி. யார் முதலில் பேசுவது?

துரைப்பாண்டி கேமராவை உயர்த்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பாக்கியத்தின் கண் அதில் பட்டது.

"ராசாத்தி," என்றார் பாக்கியம். மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. "அந்தக் கேமராக்காரவுகள மொதல்ல வெளிய தொரத்து."

"அதத்தான் மதினி நானும் சொல்ல வந்தேன்!"

தொரத்தினாள். என்னையும் சேர்த்துத்தான். வெளிவாசலில் தொங்கிய பச்சைத் துணியை இழுத்து மூடினாள். நாங்கள் இருவரும் கேமராவும் கையுமாகத் தெருவில் நின்றோம். அதற்கப்புறம் ஆரம்பித்தது.

"ஊருல நாலு பேரு சொன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியாடி?"

"நீங்க கேட்டீகளா? எம் மகளுக்குக் காச்சல்னு வந்து, வாசல்லயே நின்னு சுவத்துக்கிட்ட விசாரிச்சுட்டுப் போனீகளே! உள்ள வந்தா குறைஞ்சா போயிருவீக?"

"நீ உள்ள வான்னு சொன்னியா?"

"எங்க வீட்டுக்குள்ள வர உங்களுக்கு அழைப்பு வேணுமா மதினி? அது என்ன அந்நியர் வீடா?"

அப்படி ஒரு சத்தம். வாசல் துணி ஆடியது. தோப்பு வீட்டில் ஐந்து நாள் தவம் கிடந்து கிடைக்காத சண்டை, தொண்டை கிழியும் சண்டை, மூன்று மாதத்துக்கும் சேர்த்து நடந்தது. நடுவில் ஒருத்தி ஓவென்று அழுதாள். யார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு அழுகை கேட்டது. எனக்கும் கண் மறைத்துவிட்டது.

"அக்கா," என்றார் துரைப்பாண்டி மெதுவாக. "சவுண்டு மட்டுமாவது எடுத்துக்கிரவா? மைக் பையிலதான் இருக்கு."

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் யோசித்தேன். என்னை நம்பிப் பூட்டுக்கடை மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள்.

"பையை மூடுங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நிகில்.

"மேடம்! பின்னாடி என்ன சத்தம்? செமயா இருக்கே! கேமரா ரோலிங்தானே?"

"இல்லப்பா. இது கல்யாண வீடு. ராத்திரி கூப்பிடுறேன்."

போனை அணைத்தேன். உள்ளே யாரோ, "பாலு ஆறிப் போகுதுடி, ஊத்து" என்று சொல்வது கேட்டது.